உந்த மூட்டையை ஒருக்கா இறக்கு, தம்பி

வா தம்பி, வா. சைக்கிளை அந்தச் சுவரில சாத்திப்போட்டு வந்து இரு. என்ன, சாத்த ஏலாதோ? பாரம் சரிக்குதோ? பொறு, நானும் வந்து பிடிக்கிறன். ஐயோ அப்பனே, இது சைக்கிளோ, கலியாண வீட்டுக்குச் சாமான் ஏத்தின வண்டிலோ? முன்சில்லுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பை. பின்சில்லுக்கு ரெண்டு பை. ஹாண்டில்ல ஒரு பொட்டணி. கரியருக்கு மேல குறுக்குப்பாட்டுக்குக் கூடாரம். நீ இருக்கிறதுக்குச் சீற்றை மட்டும் மிச்சம் விட்டிருக்கிறாய். அதுவும் மறந்துபோய் விட்டது போலத்தான் கிடக்கு.

உங்கட அப்பா நேற்று இரவே போன் அடிச்சவர். "அண்ணை, பெடியன் நாளைக்குக் கொத்தார்ட் மலை ஏறப் போறானாம். நீங்கள் ஐரோலோவிலதானே இருக்கிறியள், நாலு புத்தி சொல்லி அனுப்புங்கோ" எண்டார். என்னட்டை எங்கை நாலு புத்தி? ஒண்டரைதான் இருக்கு. அரையை என்ர தேவைக்கு வைச்சுக்கொண்டு ஒண்டை உனக்குத் தாறன். முதல்ல தேத்தண்ணியைக் குடி.

இந்த ஊரில 22 வருஷம் நான் ஒரு விடுதிக் குசினியில கோப்பை கழுவினனான். கழுவுற தொட்டிக்கு நேரை ஒரு யன்னல். யன்னலுக்கு நேரை ரோட்டு. வைகாசியில பனியை வெட்டி மலை ரோட்டைத் திறந்தாங்களெண்டால், ஐப்பசி மட்டும் உன்னைப்போல ஆக்கள்தான். போறவை ஒரு முகத்தோட போவினம். வாறவை வேற முகத்தோட வருவினம். கோப்பை கழுவுறவனுக்குக் கைக்குத்தானே வேலை, கண் சும்மாதானே? எல்லாம் பாத்து வைச்சிருக்கிறன்.

"அப்புவுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்" எண்டு மனசுக்க கேக்கிறாய் என்ன? நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில மலையே இல்லை. கீரிமலை எண்டு ஒரு ஊர் இருக்கு. பேரை நம்பிப் போனியெண்டால் அங்கை குளிக்கிற கேணிதான் இருக்கும். பேரில மட்டும் மலையை வைச்சுக்கொண்டு வளர்ந்த சனம் நாங்கள். ஆனா பாரம் ஏத்தின சைக்கிளைப் பற்றி எனக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. 90-களில பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, பஸ் பேருக்குத்தான். குடாநாடே சைக்கிள்லதான் ஓடினது. விறகு, நெல்லு மூட்டை, வாழைக்குலை, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளையள் மூண்டு பேர், ஆஸ்பத்திரிக்குப் போற கிழவி, எல்லாத்துக்கும் ஒரே கரியர். கியரும் ஒண்டுதான். உன்ரயில எத்தினை கியர்? 24-ஓ? நல்லதாப் போச்சு. மலையில முடக்கும் 24-தான். முடக்குக்கு ஒண்டாச் செலவழி.

சரி, இப்ப மூட்டையை அவிழ். வெக்கப்படாதை. உன்ர சாமானைப் பாத்து நான் சிரிக்க மாட்டன். கொஞ்சம்தான் சிரிப்பன்.

இது என்ன உருளை? காப்பிக்கொட்டை அரைக்கிற மிசினோ? கையால சுத்தி அரைக்கிறதோ? அட, மலை ஏறிக் களைச்ச மனுசன் உச்சியில இருந்து கையால காப்பி அரைக்கப் போறானாம். எங்கட அம்மா இதைக் கேட்டிருந்தாவெண்டால் உரலையும் உலக்கையையும் கட்டி விட்டிருப்பா. மேல விடுதி இருக்கு, கடை இருக்கு. கொதிக்கக் கொதிக்கக் காப்பி விக்கிறான். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா அரைச்சுத்தான் தாறான்.

உது மடக்குக் கதிரையோ? சுவிஸ்காரன் ரோட்டுக் கரையெல்லாம் வாங்கில் போட்டு வைச்சிருக்கிறான். இந்த நாட்டில இருக்கிறதுக்கு இடம் இல்லாமல் செத்த மனுசனை நான் கேள்விப்படேல்லை. உந்தப் பெட்டிக்குள்ள என்ன? பறக்கிற கமராவோ? நீ ஏறுறதை வானத்தில இருந்து படம் பிடிக்கப் போறியோ? முக்கி முக்கி ஏறுறவனை மேல இருந்து பாத்தா என்ன தெரியும்? தொப்பிதான் தெரியும்.

உந்தச் சீற்றுக்குக் கீழ இருக்கிற கம்பி டைட்டானியமோ? இரும்பைவிட எத்தினை கிராம் குறைவு? 150-ஓ? அதுக்கு எவ்வளவு காசு குடுத்தனி? வேண்டாம், சொல்லாதை. எனக்கு நெஞ்சு வருத்தம் இருக்கு. இஞ்சை பார், அதே 150 கிராமைச் சொக்லேற்றா வாங்கி முன்பைக்க வைச்சிருக்கிறாய். மெலிஞ்ச கம்பிக்கு மேல தடிச்ச மனுசன் இருந்தா மலை ஆரை நிறுக்கும்? கம்பியையோ?

எங்கட ஊரில பனை ஏறுறவன் என்ன கொண்டு போவான் தெரியுமோ? காலுக்குத் தளைநார். இடுப்பில கத்தி. ஒரு முட்டி. அவ்வளவும்தான். மேல போய் ஆறுதலா இருப்பமெண்டு கதிரை கொண்டு போனவனை நான் இன்னும் காணேல்லை.

கணக்குத் தெரிஞ்ச பெடியன்தானே நீ. நீயும் சைக்கிளும் மூட்டையுமாச் சேத்து 100 கிலோ எண்டு வை. ஐரோலோ கடல்மட்டத்தில இருந்து 1,175 மீற்றர். மேல கணவாய் 2,106. இடையில 931 மீற்றர். அந்த 100 கிலோவையும் உன்ர ரெண்டு துடையும்தான் அங்கை மட்டும் தூக்கவேணும். அதில ஒரு கிலோ குறைஞ்சா, தூக்கிற வேலையில நூறில ஒரு பங்கு குறையும். நீ எத்தினை லீற்றர் தண்ணி கொண்டு போறாய்? நாலோ? ஒரு லீற்றர் ஒரு கிலோ. நாலு கிலோத் தண்ணியை, தண்ணி பிறக்கிற மலைக்கு எடுத்துக்கொண்டு போறாய். வல்லிபுரக் கடலுக்கு உப்பு மூட்டை கட்டினவன்ர கதைதான். இந்த நாட்டில ஊருக்கு ஊர் பீலித்தண்ணி கல்லுத்தொட்டியில ஓடிக்கொண்டு கிடக்கு. குடிக்கக் கூடாத தண்ணியெண்டால் அதிலேயே எழுதிப் போட்டிருப்பான். ஒரு போத்தலை நிரப்பு. குடி. அடுத்த ஊரில திருப்பி நிரப்பு. மிச்சத்தை அந்தப் பூக்கண்டுக்கு ஊத்து, அதுவாவது செழிக்கட்டும்.

நேற்று இரவு நீ போனில உன்ர டைனமோக் கதையைச் சொன்னாய். சில்லுச் சுத்தச் சுத்தப் போன் சார்ஜ் ஏறுமாம். புது விஞ்ஞானமாம். நான் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தனான். அடேய், தடைக் காலத்தில நாங்கள் ரேடியோ கேட்டது எப்பிடி எண்டு நினைக்கிறாய்? சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, ஒருத்தன் கையால பெடலைச் சுத்த, டைனமோக் கரண்டில ரேடியோ பாடும். சுத்திறவன் களைச்சா செய்தி வாசிக்கிறவருக்கும் மூச்சு வாங்கும். ஆனா எங்கட சைக்கிள் முற்றத்தில நிண்ட இடத்தில நிண்டுகொண்டு உலகச் செய்தி முழுக்கக் கொண்டு வந்தது. உன்ர சைக்கிள் அல்ப்ஸ் மலை முழுக்கச் சுத்தி, நீ என்ன சாப்பிட்டனீ எண்டதைத்தான் உலகத்துக்குச் சொல்லப் போகுது.

ஒரு பிரெஞ்சுக்காரன்ர கதை சொல்லுறன், கேள். பேர் போல் தெ விவீ. 1853-இல பிறந்த மனுசன். பட்டு வியாபாரி. சந்த் எத்தியன் எண்ட ஊரில இருந்து 1887-இல சைக்கிளுக்கெண்டே ஒரு பத்திரிகை தொடங்கினவர். வெலோசியோ எண்டு புனைபேர் வைச்சு எழுதினவர். இரவு பகல் பாராமல் மலை மலையா உழக்கினவர். மலை ஏற மனுசனுக்குக் கியர் மாத்த வேணுமெண்டு கத்திக்கொண்டு திரிஞ்சவர். துர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்தின ஆன்றி தெகிராஞ்சுக்கு அது பிடிக்காது. கியர் மாத்துறது நோஞ்சானுகளுக்கும் கிழவங்களுக்கும் எண்டது அவற்ர எண்ணம். பந்தயத்தில அந்தக் கியரை விட்டதே 1937-இலதான். அதுக்கு ஏழு வருஷத்துக்கு முந்தி வெலோசியோ செத்துப் போனார், பாவம். மலையில உருண்டு விழுந்தில்லை. ஊருக்க ட்ராம் அடிச்சு. எத்தினை கணவாய் ஏறி இறங்கின மனுசனை வீட்டு வாசலில மடக்கிப் போட்டுது விதி.

அவர் உன்னைப்போல ஆக்களுக்குச் சில புத்தி எழுதி வைச்சிட்டுப் போனவர். பசிக்க முந்திச் சாப்பிடு, தாகிக்க முந்திக் குடி, குளிர முந்திப் போர்த்து, களைச்சு விழுற மட்டும் போகாதை எண்டு எல்லாம் இருக்கு. இறைச்சி, வைன், புகை மூண்டும் ஓடேக்க வேண்டாமாம். இதெல்லாம் எங்கட ஆச்சிமாரும் சொல்லுவினம். கடைசியா ஒண்டு சொன்னார் பார், அதிலதான் மனுசன் நிக்கிறார். வீம்புக்கு உழக்காதை எண்டார். பிரெஞ்சுக்காரன், அதுவும் பட்டு வியாபாரி, வீம்பு வேண்டாமெண்டு சொல்லுறானெண்டால் எவ்வளவு அடிபட்டிருப்பான்?

உனக்கு வீம்பு இல்லையோ? அப்ப ஹாண்டில்ல அந்தப் பெட்டி என்னத்துக்கு? வேகம், ஏத்தம், இதயத்துடிப்பு, எல்லாம் காட்டுமாம். ராசா, மூச்சு வாங்கினா மூச்சு வாங்குதெண்டு மூக்குக்குத் தெரியாதோ? ஒருநாள் ஒரு பெடியன் மேல போய் இறங்கி வந்து விடுதி வாசலில அழாக்குறையா நிண்டான். என்ன மோனை, விழுந்திட்டியோ எண்டு கேட்டனான். இல்லையாம். அந்தப் பெட்டியை அமத்த மறந்து போனானாம், ஏறினது பதியேல்லையாம். பதியாட்டி என்ன, மலை கணக்கில வராதெண்டு ஒளிச்சிடுமோ? நீ ஏறினது உன்ர முழங்காலில பதிஞ்சிருக்கும். மூண்டு நாளைக்கு அழிக்கவும் ஏலாது.

இனி ரோட்டுக் கதைக்கு வருவம். இஞ்சை இருந்து மேல 12, 13 கிலோமீற்றர். புது ரோட்டும் இருக்கு, பழைய ரோட்டும் இருக்கு. புதுசில கார்க்காரன் பறப்பான். நீ பழையதைப் பிடி. ட்ரெமோலா எண்டு பேர். இத்தாலியன் பாஷையில நடுக்கம் எண்ட மாதிரி ஒரு சொல்லு. பேர் வைச்சவன் பொய் சொல்லேல்லை. 1830-ஐ ஒட்டிப் போட்ட ரோட்டு, இண்டைக்கும் கருங்கல்லுப் பாவின ரோட்டு. ஒண்டுக்கு மேல ஒண்டா 24 முடக்கு. கீழ இருந்து பாத்தா, சேலையை மடிச்சு மடிச்சு மலையில காயப்போட்ட மாதிரி இருக்கும். வடிவுதான். வடிவைத் தூரத்தில இருந்து பாக்கிறவனுக்கு நாரி நோகாது.

கல்லுரோட்டில உன்ர மூட்டை என்ன செய்யுமெண்டு நினைக்கிறாய்? கதைக்கும். கேத்தில் அடுப்போட கதைக்கும். அடுப்பு கரண்டியோட கதைக்கும். மேல போற மட்டும் ஒரு குசினி உனக்குப் பின்னால சண்டை பிடிச்சுக்கொண்டு வரும். காத்தை ரயரில கொஞ்சம் குறைச்சுவிடு, குலுக்கம் குறையும். சிறிய கியரைப் போடு. முதலாம் முடக்கில வேகம் காட்டாதை. உழுறவன் முதல் சாலிலேயே மாட்டை அடிச்சு ஓட்டுவானோ?

உன்னைக் கடந்து ஆக்கள் போவினம். மூட்டை இல்லாத மெல்லிய சைக்கிள்காரன் போவான். தோலோட ஒட்டின உடுப்பு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஒரு வாழைப்பழம் முதுகில. திரும்பியும் பாக்கமாட்டான். போகட்டும், அவன் பின்னேரம் வீட்டுக் கட்டிலில படுக்கப் போறவன். பிறகு கரண்டுச் சைக்கிளில ஒரு கிழவி வருவா. கூடைக்குள்ள ஒரு நாய்க்குட்டி இருக்கும். உன்னைப் பாத்து "சாவோ" எண்டு கை காட்டிப்போட்டு வியர்வை இல்லாமல் போவா. அப்பதான் உனக்கு வீம்பு வரும். நாய்க்குட்டியைத் துரத்தி ரெண்டு முடக்கு எழும்பி நிண்டு உழக்குவாய். மூண்டாவது முடக்கில மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாய். இதை நான் உன்னில சாபமாச் சொல்லேல்லை. என்ர யன்னலால போன எத்தினை பேர் இறங்கி வந்து இதே கதையைச் சொன்னவை.

ஏலாட்டி இறங்கி உருட்டு. ஆர் பாக்கிறது? பாத்தால்தான் என்ன? பாரத்தோட உழக்கினா மணிக்கு ஆறு கிலோமீற்றர் போவாய். உருட்டினா நாலு போவாய். ரெண்டு கிலோமீற்றர் மரியாதைக்காக முழங்காலை விக்கிறதோ? நானே இந்த மலையை ஒருக்கா உருட்டித்தான் ஏறினனான். விடுதிக்காரன் தந்த பழைய சைக்கிள். காலமை தொடங்கி மத்தியானம் மேல போய்ச் சேந்தனான். மேல ஆரும் என்னட்டை "உழக்கினியோ உருட்டினியோ" எண்டு கேக்கேல்லை. காப்பிக்கு எல்லாருக்கும் வாங்கின காசைத்தான் என்னட்டையும் வாங்கினான்.

பாரம் ஏத்தத் தெரியாமல் தவிச்சது நீ மட்டும் இல்லை. 1799-இல ரஷ்யத் தளபதி சுவோரொவ் இந்த வழியாலதான் வந்தவர். எழுபதைத் தொட்ட கிழவன், 20,000-க்கு மேற்பட்ட படை. பிரெஞ்சுக்காரனை அடிக்க மலையைக் கடக்கவேணும். சாமான் தூக்கக் கோவேறு கழுதை தாறமெண்டு ஆஸ்திரியாக்காரர் சொல்லி வைச்சிருந்தவை. லுகானோவுக்குக் கிட்டத் தவேர்னே எண்ட ஊரில வந்து நிண்டு பாத்தா, கழுதையைக் காணேல்லை. அஞ்சு நாள் அதிலயே காத்துக் கிடந்தவை. கடைசியில கொசாக் குதிரைக்காரரை இறக்கி விட்டிட்டு, அந்தக் குதிரையளில மூட்டையைக் கட்டினவை. வீரன் நடக்க மூட்டை குதிரையில போன காட்சியை நினைச்சுப் பார். தளபதிக்கும் அதே கதி, உனக்கும் அதே கதி. சாமான் முதல்ல ஏறும், மனுசன் பிறகுதான்.

இன்னொரு பகிடி. நீ மேல மூச்சுவாங்கி ஏறேக்க, உனக்குக் கீழ மலை ஓட்டையாக் கிடக்கு. 1882-இல இருந்து ஒரு ரெயில் சுரங்கம், 15 கிலோமீற்றர். இஞ்சை ஏறினா கால் மணித்தியாலம் முடிய முந்தி அந்தப் பக்கம் கோஷெனெனில வெளிச்சம் காணலாம். 1980-இல கார்ச் சுரங்கம், 17 கிலோமீற்றருக்குக் கிட்ட. 2016-இல அதுக்கும் கீழ இன்னொரு ரெயில் சுரங்கம், 57 கிலோமீற்றர், உலகத்திலேயே நீளமான ரெயில் சுரங்கம் அதுதான். அதில போறவன் ஐரோலோ எண்டு ஒரு ஊர் கிடக்கிறதையே அறியான். மூண்டு தரம் துளைச்ச மலைக்கு மேலால நீ ஏறப் போறாய். ஏன் எண்டு கேட்டா "அனுபவம்" எண்டுவாய். எங்கட காலத்தில அனுபவத்துக்குக் காசு குடுக்கிறேல்லை. அது தானா வீடு தேடி வரும்.

ஸ்ரேசனடிக்குப் போகேக்க அந்த வெண்கலச் சிலையை ஒருக்கா நிண்டு பார். இந்தத் திச்சினோ மாநிலச் சிற்பி வின்செஞ்சோ வேலா செய்தது. 1932-இல இஞ்சை வைச்சவை. செத்தவன் ஒருத்தனைச் சக வேலைக்காரர் பாடையில தூக்கிக்கொண்டு வாறது. முதல் சுரங்கம் வெட்டேக்க 200 பேருக்குக் கிட்டச் செத்துப் போச்சினம். கூடப் பேர் இத்தாலியில இருந்து கூலிக்கு வந்த ஆக்கள். 1875-இல கோஷெனெனில வேலை நிறுத்தம் செய்தவையைச் சுட்டுப்போட்டாங்கள், நாலு பேர் போச்சினம். சுரங்கத்தைக் கட்டின லூயி பாவர் எண்ட ஒப்பந்தக்காரரும் 1879-இல சுரங்கத்துக்குள்ளேயே விழுந்து செத்தார். ரெண்டு பக்கமும் வெட்டினது சந்திச்ச அண்டைக்கு, அவற்ர படத்தைத்தான் முதல்ல ஓட்டைக்குள்ளால நீட்டினவையாம். வேலைக்கு வந்த காலத்தில நான் அந்தச் சிலையடியில நிறையத் தரம் நிண்டிருக்கிறன். வெளிநாட்டான் இந்த மலையில பட்ட பாடு எண்டு ஒரு எண்ணம். பிறகு குளிரும். குசினிக்குப் போயிடுவன்.

சரி, மேல போய்ச் சேந்திட்டாய் எண்டு வை. மரமில்லாத மொட்டை மலை. சின்னச் சின்னக் குளங்கள். பழைய விடுதி. வழிப்போக்கருக்குச் சோறு போட்ட இடம் அது, எங்கட தெருமூடி மடம் மாதிரி. கொத்தார்ட் எண்ட ஆயர் ஒருத்தற்ர பேரிலதான் கணவாய்க்கே பேர். பெயர்ப்பலகையோட நிண்டு படம் எடுப்பாய். எடு. ஆனா எடுக்க முந்தி ஒரு வேலை செய். நனைஞ்ச சட்டையை மாத்து. ஆயிரம் மீற்றர் ஏறினா ஆறு ஏழு பாகை குளிர் கூடும், காத்து வேற. ஏறேக்க அடுப்பா இருந்த உடம்பு இறங்கேக்க ஐஸ் ஆயிடும். பழைய பந்தயக்காரர் உச்சியில நிண்டு செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள்ள நெஞ்சில செருகிக்கொண்டு இறங்குவினம். காத்துப் புகாது. உன்னட்டை 400 பிராங் சட்டை கிடக்கு, தெரியும். அதை எந்தப் பைக்க வைச்சனீ? அடிப்பைக்கையோ? சரிதான். மழை வந்தா கூடாரம், அடுப்பு, கதிரை, காப்பி மிசின் எல்லாத்தையும் ரோட்டில பரப்பி வைச்சுச் சட்டையைத் தேடு. போறவாறவை சந்தை எண்டு நினைச்சு விலை கேப்பினம்.

அந்த உச்சியில விழுற மழையில ஒரு பாதி தெற்கால ஓடித் திச்சினோ ஆத்தில விழுந்து, போ ஆத்தோட அட்ரியாற்றிக் கடலுக்குப் போகும். மற்றப் பாதி வடக்கால ரொய்ஸ் ஆத்தில விழுந்து, ரைனோட வடகடலுக்குப் போகும். தண்ணிக்குத் தெரியும், இறங்கிறதெண்டால் ஒண்டையும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லையெண்டு. உனக்கு அப்பிடி இல்லை. ஏறேக்கப் பின்னால இழுத்த மூட்டை இறங்கேக்க முதுகில நிண்டு தள்ளும். பிறேக்கை ஒரேயடியா அமத்திக்கொண்டு போகாதை. ரிம் சூடேறி ரியூப் வெடிக்கும். அமத்து, விடு, அமத்து, விடு. மாடு கறக்கிற மாதிரி. ஒஸ்பென்தாலில பழைய கோபுரம் தெரிஞ்சா இறங்கி நிண்டு கையை உதறு. பிறகு ஆன்டர்மாட். அதுக்கங்கால ஷோலனென் பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில ரொய்ஸ் ஆறு பேய் பிடிச்ச மாதிரி விழும்.

பேய் எண்டது சும்மா வாயில வந்ததில்லை. அங்கை இருக்கிறது பேய்ப்பாலம். இப்ப ரெண்டு பாலம் நிக்குது, 1830-இல கட்டினதும் 1958-இல கட்டினதும். கதை அதுக்கெல்லாம் முந்தினது. ஊரி மாநிலச் சனம் பாலம் கட்டிக் கட்டிப் பாத்து ஏலாமல், பேயே வந்து கட்டட்டும் எண்டு விட்டுதாம். பேய் வந்துது. கட்டித் தாறன், முதல் கடக்கிற உயிர் எனக்கு எண்டுது. பாலம் முடிஞ்சுது. சனம் என்ன செய்தது? ஒரு ஆட்டைத் துரத்தி விட்டுது. பாத்தியோ? ஆடு வெட்டிக் காரியம் பாக்கிறது எங்கட வைரவர் கோயிலில மட்டும் எண்டு நினைச்சனான். அண்டைக்குத்தான் எனக்குச் சுவிஸ்காரனில ஒரு நம்பிக்கை வந்தது.

பேய்க்குக் கோவம். பாலத்தை உடைக்கப் பெரிய பாறை ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்துது. வழியில களைச்சுப் போய் இறக்கி வைச்சு இளைப்பாறினது. கேள் தம்பி, பேய்க்கே களைப்பு. அந்த நேரம் பாத்து ஒரு கிழவி வந்து பாறையில சிலுவைக்குறி போட்டிட்டா. பேயால அதுக்குப் பிறகு பாறையைத் தூக்கேலாமல் போச்சு. விட்டிட்டு ஓடிட்டுது. அந்தப் பாறை இண்டைக்கும் கோஷெனெனுக்குக் கிட்ட நிக்குது, 220 தொன். 1977-இல கார் ரோட்டுக்கு இடைஞ்சல் எண்டு 127 மீற்றர் அங்கால நகத்தி வைச்சவை. செலவு 3 லட்சம் பிராங். பேய் சும்மா போட்டிட்டுப் போன சாமானை மனுசன் காசு குடுத்துத் தூக்கியிருக்கிறான்.

என்ன சிரிக்கிறாய்? உன்ர மடக்குக் கதிரையைத்தான் யோசிக்கிறியோ?

95-ஆம் ஆண்டு ஐப்பசியில நாங்கள் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு என்ர சைக்கிளில என்ன இருந்தது எண்டு உங்கட அப்பா சொல்லியிருப்பார். அரிசி அரை மூட்டை, ஒரு பானை, காணி உறுதி, கரியரில எங்கட அம்மா. மனுசி துருவலையையும் கட்டு எண்டு நிண்டா. மழை. நாவற்குழிப் பாலத்தில ஆக்களோட ஆக்கள், சில்லுச் சுத்த இடமில்லை, விடிய விடிய உருட்டினனாங்கள். துருவலையைக் கைதடியில ஒரு வேலிக்கரையில விட்டிட்டம். மனுசி அதுக்கு ஒரு வருஷம் பேசினவ. இப்பவும் தேங்காய் உடைச்சா அந்தக் கதை வரும். நல்ல துருவலைதான்.

ம். தேத்தண்ணி ஆறிப் போச்சு, ஊத்திப்போட்டு வேற தரட்டோ?

சரி, வெயில் ஏற முந்தி வெளிக்கிடு. கூடாரம் இருக்கட்டும். நித்திரைப் பை, மழைச்சட்டை, ஒட்டுப் போடுற சாமான், பம், பாண், கட்டிச் சீஸ், ஒரு போத்தல் தண்ணி. மனுசி எள்ளுருண்டை கட்டி வைச்சிருக்கிறா, அதை மேல் பைக்க வை, அடியில வைச்சா நசிஞ்சு போகும். மற்றதெல்லாத்தையும் இஞ்சை விட்டிட்டுப் போ. போஸ்ற்றில வீட்டுக்கு அனுப்பிறதெண்டாலும் அனுப்பிவிடுறன், அவசரமில்லை. பறக்கிற கமரா பத்திரமா இருக்கும், பேரன் வந்தா ஒருக்காப் பறக்க விட்டுப் பாப்பான். சொக்லேற்றை நீயே கொண்டு போ, எனக்குச் சீனி வருத்தம். சரி, பாதியை வை.

காப்பி மிசின் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ரெண்டு கிடக்கு. ஒண்டு போன ஆவணியில ஒரு ஜேர்மன்காரன் விட்டிட்டுப் போனது, மற்றது ஒரு ஒல்லாந்துப் பெட்டை விட்டது. கதிரையைக் கழட்டி இப்பிடித் தா. இப்ப நான் இருக்கிறது முந்தநாள் ஒரு பெல்ஜியம்காரன் தந்தது, ஒரு கால் கொஞ்சம் ஆடுது.